ஷோஸ்டகோவிச்சின் ஐந்தாவது சிம்பொனி: முதலில் யாருடைய பதிவைக் கேட்கலாம்?

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஐந்தாவது சிம்பொனியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று யூடியூபிலோ ஸ்பாட்டிஃபையிலோ தேடினால் பதிவுகள் வரிசையாக வந்து நிற்கும். வெவ்வேறு நடத்துநர்கள், வெவ்வேறு ஆர்கெஸ்ட்ராக்கள், வெவ்வேறு ஆண்டுகள். எழுதியவர் ஒருவர்தானே, எதைத் தட்டினால் என்ன என்று தோன்றும். பல சிம்பொனிகளுக்கு அப்படிச் செய்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. இதற்கு அது சரிவராது. கடைசி இரண்டு, மூன்று நிமிடங்களை ஒரு நடத்துநர் எந்த வேகத்தில் கொண்டுபோகிறார் என்பதைப் பொறுத்து, முக்கால் மணி நேரம் நாம் கேட்டுவந்ததன் பொருளே மாறிவிடுகிறது. ஒருவர் கையில் அது வெற்றி விழா. இன்னொருவர் கையில், சிரிக்கச் சொல்லி அதட்டியதால் வந்த சிரிப்பு.

ஒப்பிடுவதற்கு நான்கு பதிவுகளை எடுத்துக்கொள்கிறேன். எவ்கேனி ம்ராவின்ஸ்கி லெனின்கிராட் பில்ஹார்மோனிக்கோடு 1984இல் மேடையில் நடத்தியது. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு 1959இல் செய்தது. பெர்னார்ட் ஹைட்டிங் ஆம்ஸ்டர்டாமின் கன்செர்ட்கெபவ் ஆர்கெஸ்ட்ராவோடு 1981இல் செய்தது. ரோஸ்ட்ரோபோவிச் வாஷிங்டனின் நேஷனல் சிம்பொனியோடு 1982இல் செய்தது. வேறு நல்ல பதிவுகளும் இருக்கின்றன. அவற்றைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

இந்தச் சிம்பொனிக்குப் பதிவு தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக முடிவின் வேகத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். வேகமாக முடிப்பவரா, மெதுவாக முடிப்பவரா என்று பிரித்துவிட்டு உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்பார்கள். தேர்வை அங்கிருந்து தொடங்கக் கூடாது என்பது என் எண்ணம். மூன்றாம் பகுதியைப் பார்த்துவிட்டுத்தான் கடைசிப் பகுதியான நான்காவதுக்கு வர வேண்டும். ஏன் என்று சொல்ல, இந்த இசை எழுதப்பட்ட நேரத்தையும் அதன் உள்ளமைப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

1936 ஜனவரி 26 அன்று மாஸ்கோ போல்ஷாய் அரங்கில் ஷோஸ்டகோவிச்சின் லேடி மேக்பெத் என்ற ஆபெராவை, அதாவது இசை நாடகத்தைப் பார்க்க ஸ்டாலின் வந்தார். முடியும் முன்பே எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து, பெயர் போடாத தலையங்கம் ஒன்று கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில் வந்தது. இது இசை இல்லை, குழப்பம் என்றது. இந்த விளையாட்டு மோசமாக முடியலாம் என்ற மிரட்டலும் அதில் இருந்தது. அந்த ஆண்டே அவர் முடித்த நான்காவது சிம்பொனி, ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அது மேடை ஏற 1961 டிசம்பர் வரை, அதாவது கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்தாவதை அவர் 1937 ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடித்தார். அவர் அதை எழுதிக்கொண்டிருந்த அதே ஜூனில், அவரை ஆதரித்துவந்த ராணுவத் தளபதி மார்ஷல் துகாச்செவ்ஸ்கி சுட்டுக் கொல்லப்பட்டார். ஷோஸ்டகோவிச்சுக்கு அப்போது வயது 30.

1937 நவம்பர் 21 அன்று லெனின்கிராடில் முதல் கச்சேரி. நடத்தியவர் ம்ராவின்ஸ்கி, அவருக்கும் 34 வயதுதான். மெதுவான மூன்றாம் பகுதியின்போது அரங்கில் பலர் அழுதார்கள். முடிந்ததும் கைதட்டல் அரை மணி நேரத்துக்கு மேல் ஓயவில்லை. ம்ராவின்ஸ்கி இசைப் பிரதியைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார், இந்தத் தட்டல் எல்லாம் இதற்குத்தான் என்பதுபோல. அரசுத் தரப்பும் இதை ஏற்றுக்கொண்டது. நியாயமான விமர்சனத்துக்கு ஒரு சோவியத் கலைஞனின் பதில் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதியதை ஷோஸ்டகோவிச்சும் மறுக்கவில்லை.

ஆனால் சந்தேகம் அப்போதே இருந்தது. எழுத்தாளர் சங்கத்தில் பெரும் செல்வாக்கோடு இருந்த அலெக்சாண்டர் ஃபதேயெவ், இந்த முடிவு வெற்றிபோலக் கேட்கவில்லை, யாரையோ தண்டிப்பதுபோல, பழிவாங்குவதுபோல இருக்கிறது என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். இதை எழுதியவர் ஆட்சிக்கு வேண்டியவர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஷோஸ்டகோவிச் இறந்த பிறகு, 1979இல், அவருடைய நினைவுக்குறிப்புகள் என்று சாலமன் வோல்கோவ் வெளியிட்ட புத்தகத்தில் இதே கருத்து இன்னும் கடுமையாக வந்தது: முடிவில் இருக்கும் மகிழ்ச்சி அடித்து வரவழைத்த மகிழ்ச்சி. அந்தப் புத்தகத்தில் எவ்வளவு ஷோஸ்டகோவிச், எவ்வளவு வோல்கோவ் என்ற சண்டை நீண்டுகொண்டே போகிறது. எனக்கு அந்தச் சண்டையைவிட ஃபதேயெவின் நாட்குறிப்புதான் முக்கியம். புத்தகம் எதையும் படிக்காமல், காதால் மட்டும் கேட்ட ஒருவருக்கே அப்படித் தோன்றியிருக்கிறது.

இனி இசைக்கு வருவோம். நான்கு பகுதிகள். முதல் பகுதி, தாழ்ந்த தந்தி வாத்தியங்கள் முரட்டுத்தனமாக ஒரு தாவலைப் போட, வயலின்கள் அதையே சற்றுத் தள்ளி எதிரொலிப்பதோடு தொடங்குகிறது. சீக்கிரமே அந்தக் கோபம் வடிந்து, முதல் வயலின்கள் மெலிந்த குளிர்ந்த ராகம் ஒன்றைப் பாடும். அப்புறம் நீண்ட தாவல்களில் நகரும் இன்னொரு ராகம். அடியில் நாடித்துடிப்பு மாதிரி ஒரே தாளம். இவ்வளவு நேரமும் இசை மெதுவாகவே போகும். புதிதாகக் கேட்கிறவர்கள் பொறுமை இழக்கும் இடம் இது. கொஞ்சம் பொறுங்கள். பியானோ அடிக்குரலில் தடதடவென்று தட்ட, ஹார்ன்கள் தங்கள் தாழ்ந்த குரலில் உறும ஆரம்பித்ததும் எல்லாமே மாறிவிடும். முன்னால் மென்மையாகக் கேட்ட அதே ராகம் ஸ்னேர் டிரம்மும் டிரம்பெட்டுமாக ராணுவ அணிவகுப்பாக வந்து நிற்கும். உச்சத்துக்குப் பிறகு புல்லாங்குழலும் ஹார்னும் இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல மாறி மாறிப் பாடும். கடைசியில் செலஸ்டா, சிறு மணிகள்போல ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம், படிப்படியாக மேலே ஏறி மறைந்துவிடும்.

இரண்டாவது பகுதி ஐந்து நிமிடம். கனத்த கால்களோடு ஆடும் ஒரு நாட்டியம். நடுவில் ஒற்றை வயலின் கொஞ்சிக்கொண்டு வரும். ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் சிம்பொனிகளைக் கேட்டவர்களுக்கு இதன் சாயல் உடனே பிடிபட்டுவிடும். பதிவுகளுக்குள் பெரிய வித்தியாசம் இங்கே இல்லை. எல்லோரும் நன்றாகவே செய்கிறார்கள்.

மூன்றாவதுக்கு வந்தால்தான் தேர்வு தொடங்குகிறது. லார்கோ என்று குறிக்கப்பட்ட, மிக மெதுவான இந்தப் பகுதியில் பித்தளை வாத்தியம் ஒன்றுகூட இல்லை. டிரம்பெட், டிராம்போன், ஹார்ன், டியூபாக்காரர்கள் எல்லோரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தந்திகளையோ ஷோஸ்டகோவிச் வழக்கத்துக்கு மாறாகப் பிரித்திருக்கிறார். வயலின்கள் வழக்கமாக இரண்டு அணியாக இருக்கும், இங்கே மூன்று. வியோலா இரண்டு அணி, செல்லோ இரண்டு அணி. அதனால் ஒரு தனிக் குரல் மேலோங்கிக் கேட்காமல், பலர் ஒன்றாக உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பாடுவதுபோல ஒலிக்கும். நடுவில் வயலின்கள் ஒரு சுரத்தை நடுங்கிக்கொண்டே பிடித்திருக்க, அதன் மேல் ஓபோ ஒன்று தன்னந்தனியாக வரும். அதன் பிறகு கிளாரினெட், அப்புறம் புல்லாங்குழல். ஒவ்வொருவராக எழுந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். இது உச்சத்துக்குப் போகும்போது செல்லோக்கள் தங்கள் குரலின் மேல் எல்லையில் நின்று அழுகின்றன. சைலபோன் உலர்ந்த எலும்புச் சத்தத்தோடு அவற்றின் கூடவே வெட்டுகிறது. கடைசியில் ஹார்ப்பும் செலஸ்டாவும் ஓபோவின் அந்த ராகத்தை மெல்லத் தொட்டுவிட்டு அடங்குகின்றன.

சரி, இதற்கும் முடிவின் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? கால் மணி நேரம் வாயைத் திறக்காத பித்தளைக் கூட்டம் மொத்தமும் நான்காவது பகுதியின் முதல் நொடியிலேயே டிம்பனி என்ற பெரிய முரசுகளோடு சேர்ந்து வெடிக்கிறது. மூன்றாவதில் நீங்கள் எந்த அளவுக்கு உள்ளே போயிருந்தீர்களோ அந்த அளவுக்குத்தான் இந்தச் சத்தம் உங்களைத் தாக்கும். லார்கோ மேலோட்டமாகப் போன பதிவில் நான்காவது பகுதி வெறும் உற்சாகமான இசை. லார்கோ ஆழமாகப் போன பதிவில் அது வீட்டுக்குள் யாரோ கதவை உடைத்துக்கொண்டு வருவது. முடிவு வெற்றியா வேதனையா என்ற கேள்வி, மூன்றாவது முடிந்து நான்காவது தொடங்கும் இந்த இடத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

நான்காவதின் உள்ளேயும் ஒரு அமைதியான இடம் இருக்கிறது. ஆரவாரம் எல்லாம் அடங்கி ஹார்ன் ஒன்று தனியாகப் பாடும். பிறகு வயலின்களும் ஹார்ப்பும் மென்மையாக ஒரு அசைவைத் தொடங்கும். இந்த அசைவு ஷோஸ்டகோவிச் சிம்பொனிக்குச் சற்று முன்பு எழுதிய ஒரு பாட்டிலிருந்து வருவது. பாட்டின் சொற்கள் புஷ்கினுடையவை. ஒரு மேதையின் ஓவியத்தின் மேல் காட்டுமிராண்டி ஒருவன் தன் கிறுக்கலைப் பூசிவிடுகிறான். ஆண்டுகள் போகப் போக அந்தப் பூச்சு உதிர்ந்து, அடியில் இருந்த பழைய ஓவியம் மறுபடி தெரிய வருகிறது. இதைவிடச் சுவாரசியமான விஷயம், பகுதியின் தொடக்கத்தில் பித்தளை முழங்கும் ராகத்தின் முதல் நான்கு சுரங்கள் அதே பாட்டில் அந்தக் காட்டுமிராண்டி வரும் வரியின் சுரங்கள். சிம்பொனி அரங்கேறியபோது அந்தப் பாட்டு மேடை ஏறியிருக்கவில்லை. அரங்கில் இருந்த யாருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. முழங்குகிறவன் யார், காத்திருக்கிறவன் யார் என்பதை எழுதியவர் தன் வரையில் குறித்துவைத்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு முடிவு. ஸ்னேர் டிரம்மும் டிம்பனியும் அடங்கிய குரலில் தொடங்க, இசை ஏறி ஏறி டி மேஜர் என்ற பிரகாசமான சுரவரிசைக்கு வந்து சேரும். பகுதியின் தொடக்கத்தில் வந்த ராகத்தையே பித்தளை இப்போது மேஜரில் முழங்கும். தந்திகளும் மரக்குழல்களும் பியானோவும் ஏ என்ற ஒரே சுரத்தை இருநூறு தடவைக்கு மேல் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். இந்த இடத்துக்கு அச்சுப் பிரதிகளில் இரண்டு விதமான வேகக் குறிப்பு இருக்கிறது. ஒன்று நிமிடத்துக்கு 188 தட்டு என்கிறது, இன்னொன்று 184 என்கிறது. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் முதலாவது கால் சுரத்துக்குக் கொடுத்தது, இரண்டாவது அதில் பாதி நீளமுள்ள அரைக்கால் சுரத்துக்குக் கொடுத்தது. அதாவது ஒன்றின்படி வாசித்தால் மற்றதைப்போல இரண்டு மடங்கு வேகம். அச்சுக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டே நடத்துநர்கள் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் போக முடிந்ததற்கு இதுதான் காரணம்.

இப்போது பதிவுகள். பெர்ன்ஸ்டைனிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தேடினால் அநேகமாக முதலில் கண்ணில் படுவது அவருடையதுதான். 1959 கோடையில் நியூயார்க் பில்ஹார்மோனிக் சோவியத் ஒன்றியத்தில் சுற்றுப்பயணம் செய்தது. மாஸ்கோவில் அவர்கள் ஐந்தாவதை வாசித்தபோது ஷோஸ்டகோவிச் அரங்கில் இருந்தார். முடிந்ததும் மேடைக்கு வந்து பெர்ன்ஸ்டைனுக்குக் கை கொடுத்தார். ஊர் திரும்பிய கையோடு அக்டோபரில் பாஸ்டனில் இந்தப் பதிவைச் செய்தார்கள். அந்தப் பயணத்தின் சூடு இன்னும் அதில் இருக்கிறது. லார்கோவுக்கு பெர்ன்ஸ்டைன் 15 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். வெட்கமே இல்லாமல் அழுகிற லார்கோ அது. செல்லோக்கள் உச்சிக்குப் போகும் இடத்தில் ஒவ்வொரு வில்லும் தெரியும். ஆனால் நான்காவதை சுமார் 9 நிமிடத்தில் முடித்துவிடுகிறார். டி மேஜர் வந்ததும் பறக்கிறது. டிரம்பெட்டுகள் பளபளக்கின்றன. யாருக்கும் எழுந்து நிற்கத் தோன்றும்.

இவ்வளவு நல்ல பதிவில் எனக்கு ஒரு குறை. அப்படிப்பட்ட லார்கோவைக் கொடுத்துவிட்டு, அதை மறக்கவைக்கிற வேகத்தில் முடித்துவிடுகிறார். முதல்முறை கேட்பவருக்கு இது துன்பத்திலிருந்து வெற்றிக்குப் போன கதையாகத் தெளிவாகப் புரிந்துவிடும். கேள்வி எதுவும் மிஞ்சாது. ஒன்றாகக் கேட்டுவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறவர்கள், இந்தச் சிம்பொனியில் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே அறியாமல் போய்விடுவார்கள். அவர் 1979இல் டோக்கியோவில் அதே ஆர்கெஸ்ட்ராவோடு மறுபடி செய்த மேடைப் பதிவு எல்லா இடத்திலும் இன்னும் விரிந்து நிதானமாகப் போகிறது. எனக்கு 1959இன் துடிப்புதான் மேல்.

ரோஸ்ட்ரோபோவிச் இதற்கு நேர் எதிர்க் கோடி. உலகம் அவரை செல்லோ மேதையாகத்தான் அறியும். ஷோஸ்டகோவிச்சிடம் படித்தவர், நண்பர். ஷோஸ்டகோவிச் செல்லோவை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்க எழுதிய தன் இரண்டு கான்செர்ட்டோக்களையும் அவருக்கே அர்ப்பணித்தார். 1974இல் நாட்டை விட்டு வெளியேறினார். 1978இல் அவருடைய சோவியத் குடியுரிமை பறிக்கப்பட்டது. நாடு திரும்ப வழியில்லாத நிலையில், 1982இல் வாஷிங்டனில் இதைப் பதிவு செய்கிறார். இந்தப் பின்னணி தெரியாவிட்டாலும் காது கண்டுபிடித்துவிடும். முடிவு மெதுவாக, மிகமிக மெதுவாக வருகிறது. ஒவ்வொரு ஏ சுரமும் தனித்தனியாக ஆணி அடிப்பதுபோல இறங்குகிறது. கொண்டாட்டம் என்று சொல்ல ஒரு நொடிகூட இடமில்லை. கேட்டு முடித்ததும் உடம்பு கனத்துப்போகும்.

இந்த மனிதருக்கு இதைச் சொல்ல எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனாலும் முதல் பதிவாக இதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். பெர்ன்ஸ்டைன் கேள்வியை எழவிடுவதில்லை. ரோஸ்ட்ரோபோவிச் கேள்வி எழும் முன்பே பதிலைச் சொல்லிவிடுகிறார். சொல்கிற பதில் சரியாகவே இருந்தாலும், அதை நாமே போய்ச் சேரும்போது கிடைக்கும் அதிர்ச்சி கிடைக்காமல் போய்விடுகிறது. இரண்டு பதிவு கேட்டுவிட்டு மூன்றாவதாக வந்தால் இதன் முழு வலுவும் தெரியும்.

ஹைட்டிங்கின் பதிவைப் பற்றிக் குளிர்ச்சியானது, உணர்ச்சி போதாது என்று ஒரு பேச்சு உண்டு. ஷோஸ்டகோவிச்சின் பதினைந்து சிம்பொனிகளையும் முழுவதுமாகப் பதிவு செய்த முதல் மேற்கத்திய நடத்துநர் அவர். அந்த வரிசையில் ஐந்தாவது கன்செர்ட்கெபவோடு வந்தது. அந்த ஆர்கெஸ்ட்ராவின் தந்திகளுக்கு ஒரு ஆழமும் இருளும் உண்டு, அந்த அரங்கத்துக்கும் உண்டு. லார்கோவில் நான் சொன்ன அந்த மூன்று வயலின் அணியும் இரண்டிரண்டாகப் பிரிந்த வியோலா, செல்லோக்களும் தனித்தனியாகக் காதுக்குப் பிடிபடும் பதிவு இதுதான். நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் ஒரு குரல் எங்கே நிற்கிறது, அடுத்தது எங்கே சேர்கிறது என்று பின்தொடரலாம். ஹைட்டிங் எதையும் இழுப்பதில்லை, தள்ளுவதுமில்லை. லார்கோவுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கிறார். நான்காவதின் நடுவில் அந்தப் புஷ்கின் பாட்டின் ஹார்ப் அசைவு தெளிவாகக் கேட்கிறது; பல பதிவுகளில் இது வயலின்களுக்குள் கரைந்துவிடும். முடிவு மெதுவான பக்கம்தான், ஆனால் அடித்து நொறுக்காமல் அகலமாக நின்று முழங்குகிறது. முடிந்ததும் இது வெற்றியா என்ற கேள்வி தானாக எழும், பதிலை நாம்தான் தேட வேண்டும். குளிர்ச்சி என்று சிலர் சொல்வதை, தன் கருத்தைக் கேட்பவர் மேல் திணிக்காத மரியாதை என்று நான் சொல்வேன்.

கடைசியாக ம்ராவின்ஸ்கி. இதை முதன்முதலில் மேடை ஏற்றியவர். 1938இலிருந்து 1988இல் இறக்கும் வரை ஐம்பது ஆண்டுகள் லெனின்கிராட் பில்ஹார்மோனிக்கின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஐந்தாவதை அவர் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வாசித்தார்; பல பதிவுகள் இருக்கின்றன. 1984 பதிவை நான் எடுத்ததற்குக் காரணம் அதன் ஒலி மற்றவற்றைவிடத் தேவலாம் என்பதும், அப்போது அவருக்கு எண்பது வயது என்பதும். முப்பத்து நான்கு வயதில் தொட்ட இசையை எண்பதில் எப்படித் தொடுகிறார் என்று கேட்க முடிகிறது.

எப்படித் தொடுகிறார்? ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாமல். லார்கோ அவர் கையில் சுமார் 13 நிமிடம்தான், பெர்ன்ஸ்டைனைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைவு. எங்கேயும் நின்று உருகுவதில்லை. ஆனால் அந்த நடுங்கும் வயலின்களின் மேல் ஓபோ வரும் இடத்தில் மூச்சு விடவே பயமாக இருக்கும், அவ்வளவு தாழ்ந்த சத்தத்தில் அவ்வளவு இறுக்கம். செல்லோக்கள் உச்சிக்குப் போகும்போது அது அழுகையாக இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவரின் குரலாக இருக்கிறது. 1937இல் அந்த அரங்கில் அழுதவர்கள் வெளியே அழ முடியாதவர்கள். அவர்களுக்கு நடுவே நின்று இதை நடத்தியவர் இவர். அந்த அடக்கம் அவருக்கு வெறும் பாணி இல்லை என்று நினைக்கிறேன்.

நான்காவது தொடங்கும்போது சோவியத் பித்தளையின் தனிக் குரல் வரும்: கூர்மையாக, கொஞ்சம் அதிர்வோடு, மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராக்களின் வழவழப்பு இல்லாமல். சிலருக்கு முதலில் காதைக் கீறும். முடிவில் ம்ராவின்ஸ்கி வேகத்தை இறக்கிவிடுகிறார். அதில் ரோஸ்ட்ரோபோவிச்சின் கோபமும் இல்லை, பெர்ன்ஸ்டைனின் ஆனந்தமும் இல்லை. ஒரு பெரிய இயந்திரம் தன் வேலையைச் செய்வதுபோலப் போய் நிற்கிறது. நான்கில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இருந்தும் முதலில் கேட்க ஹைட்டிங்கைத்தான் சொல்கிறேன். ம்ராவின்ஸ்கியின் லார்கோவில் எவ்வளவு அடக்கிவைக்கப்பட்டிருக்கிறது என்று உணர, அடக்காத லார்கோ எப்படி இருக்கும் என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். அதோடு ஒலித் தரமும் முக்கியம். இந்தச் சிம்பொனியின் தந்தி எழுத்தை மங்கலான பதிவில் முதல்முறை கேட்டால் பாதி கைநழுவிப் போகும். அதனால் ஹைட்டிங், ஒரு வாரம் போல இடைவெளி விட்டு ம்ராவின்ஸ்கி, அதன் பிறகு ரோஸ்ட்ரோபோவிச். பெர்ன்ஸ்டைன் எப்போது வேண்டுமானாலும் வரலாம், முதலாவதாக மட்டும் வேண்டாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா இசையே புதிது, நாற்பத்தைந்து நிமிடம் உட்கார முடியுமா என்பதே சந்தேகம் என்கிறவர்கள் பெர்ன்ஸ்டைனிடமே போகட்டும். அவர் கேட்பவரைக் கைவிடவே மாட்டார். முதல் பகுதியின் அந்த மெதுவான தொடக்கத்தைக்கூட ஏதோ நடக்கப்போகிறது என்ற பதற்றத்தோடு கொண்டுபோகிறவர் அவர்தான். கேட்டுப் பிடித்துவிட்டால், உடனே ம்ராவின்ஸ்கியின் நான்காவது பகுதியை மட்டுமாவது போட்டுப் பாருங்கள். ஒரே பக்கத்தில் இருக்கும் அதே சுரங்கள்தானா இவை என்று தோன்றும்.

மற்றவற்றில், ஆந்த்ரே பிரெவின் லண்டன் சிம்பொனியோடு 1965இல் செய்தது மிக நல்ல பதிவு. ஹைட்டிங் கிடைக்காவிட்டால் அதை எடுத்துக்கொள்ளலாம். ஷோஸ்டகோவிச்சின் மகன் மாக்சிம் 1970இல் மாஸ்கோவில் நடத்திய பதிவும் இருக்கிறது. தந்தை உயிரோடு இருந்தபோது செய்தது என்பதால் அதைத் தேடிக் கேட்பவர்கள் உண்டு. இன்றைய ஒலித் தரம்தான் வேண்டும் என்றால் ஆண்ட்ரிஸ் நெல்சன்ஸ் பாஸ்டன் சிம்பொனியோடு செய்தது.

எந்தப் பதிவானாலும் கேட்கும் விதத்தில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ கேட்க வேண்டாம். லார்கோவின் பாதி, பயணச் சத்தத்தில் காதுக்கே வராது. சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தால் நான்காவது பகுதியின் முதல் அடி காதைக் கிழித்துவிடும். இன்னொன்று விளம்பரம். யூடியூபில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தால் நான் இவ்வளவு நேரம் சொன்ன எல்லாமே வீண். ஒருமுறையாவது விளம்பரம் இல்லாத வழியில், அல்லது சிடியில், மூன்றையும் நான்கையும் விடாமல் சேர்த்துக் கேளுங்கள். முழு சிம்பொனிக்கு நேரம் இல்லாத நாளில் இந்த இரண்டு பகுதியை மட்டும் கேட்டாலும் போதும்.

ம்ராவின்ஸ்கி உங்களுக்குப் பிடித்துப்போனால் அடுத்து அவருக்கே ஷோஸ்டகோவிச் அர்ப்பணித்த எட்டாவதுக்குப் போகலாம். 1943இல் போருக்கு நடுவே எழுதியது. அங்கே முடிவில் முழக்கமே கிடையாது. ஐந்தாவதின் பித்தளைதான் உங்களை இழுத்தது என்றால், கால் நூற்றாண்டு அடைத்து வைக்கப்பட்டிருந்த நான்காவது இருக்கிறது. அதை 1961இல் முதலில் மேடை ஏற்றியவர் கிரில் கோந்த்ராஷின். அவருடைய பதிவிலேயே தொடங்குங்கள்.